நாலில் வைத்துப் பாருங்கள்

அலுவலகத்தில் அவருக்கு அரை மார்க் என்று பெயர். வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை, ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து, விமர்சனம் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது அவர் வேலை. ஏழு, எட்டு என்று முழு எண்ணாகப் போட அவருக்குக் கை வராது. ஆறரை, எட்டரை, நாலரை என்றுதான் வரும். முழு எண்ணைக் கேம் விற்கிற கடைக்காரனே சொல்லிவிடுவான், அந்த அரையைச் சொல்லத்தான் விமர்சகன் வேண்டும் என்பது அவர் கட்சி. கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். பதினெட்டு வருட அனுபவம் பேசும்போது வேறு என்ன செய்வது.

ஆரம்பத்தில் அது அச்சுப் பத்திரிகை. வழவழப்பான தாளில் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தது. அச்சு படுத்துவிட்ட பிறகு அதே பத்திரிகை இணையதளமாக எழுந்து உட்கார்ந்தது. ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு காபி மெஷின், மொத்தம் ஐந்து பேர். ஆசிரியர் ஒரு பெண்மணி. கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் தாழ்த்துகிற ரகம். வீடியோக்களைத் தயாரிப்பவனை வயர் என்று கூப்பிடுவார்கள், எந்நேரமும் கழுத்தில் இரண்டு கேபிள் தொங்குவதால். மற்ற இருவரும் விளம்பரம், கணக்கு என்று தங்கள் மேசைகளை விட்டு நகராதவர்கள். நம் கதைக்கு அவர்கள் வேண்டாம்.

அரை மார்க்குக்கு ஊரெல்லாம் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு விமர்சனம். பன்னிரண்டு வருடம் முன்பு 'கீழ்த்தளம்' என்று ஒரு பேய் கேம் வந்தது. மின்சாரம் போன பழைய ஓட்டல் ஒன்றில், காணாமல் போன தன் கூட்டாளியைத் தேடிக்கொண்டு லிஃப்ட் பழுது பார்க்கும் பெண்ணொருத்தி மாடி மாடியாகக் கீழே இறங்குகிறாள். அவ்வளவுதான் கதை. பதினோரு பேர் மட்டும் இருந்த சின்னக் கம்பெனி அதைச் செய்திருந்தது. அதற்கு அரை மார்க் மூன்றரை போட்டார். போட்டதோடு விட்டிருக்கலாம். "இந்த ஓட்டலில் பேய்கள்கூட ட்யூப்லைட் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கின்றன" என்று ஒரு வரி எழுதினார்.

அந்த வரி பிய்த்துக்கொண்டு போனது. முதலில் வந்த விமர்சனம் அவருடையது என்பதால் பின்னால் வந்தவர்களும் அதே பாட்டைப் பாடினார்கள். கேமைத் தொடாதவர்கள்கூட ட்யூப்லைட் பேய் என்று சொல்லிச் சிரித்தார்கள். கேம் விற்கவில்லை, வருடம் முடிவதற்குள் கம்பெனியும் மூடியாயிற்று. அவர் விமர்சனம்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஒரு கம்பெனி மூடுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் ஆயிரத்தில் ஒன்று நம்முடையது என்று அவரே அந்த நாளில் காபி மெஷின் பக்கத்தில் நின்று, கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் அவரைத் தலைமை விமர்சகர் ஆக்கினார்கள்.

இப்போது அந்தக் கேமுக்கு ரீமாஸ்டர் வந்திருந்தது. பழைய கேமை எடுத்துத் தூசு தட்டி, படத்தைக் கூர்மையாக்கி, இன்றைய மெஷின்களில் ஓடும்படி செய்து, மறுபடி புது விலைக்கு விற்பதற்குத்தான் அந்தப் பெயர். இந்த வருடம் எடுத்ததற்கெல்லாம் ரீமாஸ்டர். பாதிக்கு மேல் வெறும் சுண்ணாம்பு அடித்த வேலை என்று அரை மார்க் எழுதிக்கொண்டிருந்தார், அது உண்மையும்கூட. 'கீழ்த்தளம்' உரிமையை வேறொரு கம்பெனி வாங்கி, புதன்கிழமை மாலை நாலு மணிக்கு முன் விமர்சனம் வெளிவரக் கூடாது என்ற நிபந்தனையோடு அவருக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தது.

அதை வீட்டில் வைத்துத்தான் விளையாடினார். மனைவி மருந்துக் கடை வேலைக்குக் காலையிலேயே போய்விடுவாள். வீட்டில் அவரும் மாமியாரும்தான். மாமியார் நீதிமன்றத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதம் முன்பு கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து, போட்ட காசை வசூல் செய்கிறவர் மாதிரி எதையும் விடாமல் பார்க்கிறார். திரைச்சீலையை இழுத்துவிட்டு மருமகன் உட்கார்ந்ததும், காயப்போடப் பிழிந்து எடுத்த துணியும் கையுமாக அவரும் வந்து சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

எடுத்த எடுப்பில் ஒரு திரை வந்தது. மங்கலாக ஒரு கதவு, அதன் கீழே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கோடு. கோடு பத்தில் நின்றது. 'கதவு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை குறைக்கவும்' என்று எழுதியிருந்தது. அரை மார்க் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை. பொத்தானை அழுத்தித் தாண்டப் பார்த்தார். திரை திரும்ப வந்தது. இன்னொரு முறை அழுத்தினார், அதே திரை. எட்டில் வைத்தார், ஆறில் வைத்தார், ஒன்றும் நடக்கவில்லை.

"குறைக்கச் சொல்லுது மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

"தெரியுது அத்தை."

"தெரிஞ்சா குறைங்களேன்."

நாலுக்கு வந்தபோது கதவு மறைந்தது. எனக்குத் தெரியவில்லை என்றார் இவர். எனக்கு இன்னும் கொஞ்சம் தெரிகிறது என்றார் புதுக் கண்காரர். அதற்கு ஒரு விவாதம் நடந்து முடிந்து கேம் தொடங்கியது. தொடங்குவதற்கு முன் அரை மார்க் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்: 'கழுத்தைப் பிடித்து உட்கார வைக்கும் திரை. ஆடுகிறவனுக்குத் தன் டிவி வெளிச்சத்தைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதா? அரை மார்க் குறைவு.'

அதன் பிறகு வெகுநேரம் அவர் நோட்டைத் தொடவில்லை.

பயந்துவிட்டார். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேய் கேம் பார்த்தவர், எங்கே கதவு அடிக்கும், எங்கே கை நீளும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர், கன்ட்ரோலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இந்த ஓட்டலில் எதுவும் பாய்ந்து வரவில்லை. அந்தப் பெண்ணின் கையில் ஒரு சின்ன டார்ச், அந்த வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தத்தை வைத்துத்தான் வழி பிடிக்க வேண்டும். மூன்றாம் மாடியில் சலவை அறை. வரிசையாக வாஷிங் மெஷின்கள். டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு கண்ணாடி மூடியாகத் தொட்டுக்கொண்டு போனது.

"மாப்பிள்ளை, உள்ள போகாதீங்க."

"போகணும் அத்தை, அதான் வழி."

"அந்தக் கடைசி மெஷினுக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்க."

அவரும் பார்த்தார். யாரோ நின்றார்கள். டார்ச்சைத் திருப்புவதற்குள் அவர் கட்டைவிரல் தானாகவே பின்னால் இழுத்துவிட்டது. அந்தப் பெண் தடதடவென்று ஓடிப் படிக்கட்டில் வந்து நின்றாள். மாமியார் தண்ணீர் குடித்தார். நின்றது பொம்பளை என்றார் அவர், ஆம்பளை என்றார் இவர். திரும்பப் போய்ப் பார்த்துவிடலாம் என்று இருவருக்கும் தோன்றாமல் இல்லை, ஆனால் இருவரும் அதைச் சொல்லவில்லை. வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினார்கள்.

இரண்டு பகலில் கேமை முடித்து விமர்சனத்தையும் எழுதினார். ஒன்பதரை மார்க். பழைய கேமின் பெரிய தவறை ரீமாஸ்டர் திருத்திவிட்டது, வெளிச்சத்தை அடியோடு மாற்றி முதல் தடவையே இருந்திருக்க வேண்டிய இருட்டைக் கொண்டுவந்துவிட்டது, அன்று நாம் சுட்டிக்காட்டியதை இன்று யாரோ காதில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதினார். ஆசிரியருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. 'மூன்றரை ஒன்பதரை ஆன கதை' என்று அவரே தலைப்பு வைத்தார். பழைய விமர்சனத்தையும் பக்கத்திலேயே போடலாம், ட்யூப்லைட் வரியைப் பெரிய எழுத்தில் போடலாம் என்று முடிவானது. பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு ஒரு வீடியோ செய்வது வயர் பொறுப்பு. ரீமாஸ்டர் எது வந்தாலும் அவர்கள் வழக்கம் அது.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு வயர் அவரைக் கூப்பிட்டான்.

"சார், கொஞ்சம் வந்து பாருங்களேன். வித்தியாசமே தெரியல."

மேசையில் இரண்டு திரை. இடப்பக்கம் அலுவலக அலமாரியில் கிடந்த, கேம் ஓட்டுகிற பழைய கன்சோல் பெட்டி, அதில் பழைய டிஸ்க். வலப்பக்கம் ரீமாஸ்டர். இரண்டிலும் சலவை அறை. வலப்பக்கம் கோடுகள் கூர்மையாக இருந்தன, அவ்வளவுதான். இருட்டு இரண்டு பக்கமும் ஒரே இருட்டு.

"ரெண்டுலயும் புதுசையே போட்டிருப்ப," என்றார் அரை மார்க்.

"டிஸ்க்கை நீங்களே பாருங்க சார்."

பார்த்தார். பன்னிரண்டு வருடம் முந்தைய டிஸ்க்தான், கீறல் உட்பட. அப்படியென்றால் கன்சோலில் ஏதோ கோளாறு, அலுவலகத்தில் எது உருப்படியாக வேலை செய்கிறது என்றார். வீட்டில் பரண்மேல் தன் சொந்தக் கன்சோல் டிஸ்க்கோடு இருக்கிறது, அந்த விமர்சனத்துக்காக விளையாடியதெல்லாம் அதில் அப்படியே பதிந்திருக்கிறது, அதைக் கொண்டு வந்து காட்டுகிறேன் என்று கிளம்பினார். போக வர ஒரு மணி நேரம். மாமியார் பரணுக்குக் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, எதற்கு இந்த அவசரம் என்று மூன்று முறை கேட்டார். ஒரு பையன் தப்பாக வேலை செய்திருக்கிறான் என்றார் இவர்.

கன்சோலை மூன்றாவதாக ஒரு திரையில் மாட்டி அவருடைய பழைய பதிவைத் திறந்தான் வயர். சலவை அறை வந்தது. ட்யூப்லைட்டேதான். சுவரில் ஒட்டிய காகிதம் முதல் மூலையில் கிடந்த வாளி வரை எல்லாம் வெளுத்துப்போய், பட்டப்பகல் மாதிரி கிடந்தது.

"பாத்தியா," என்றார் அரை மார்க்.

வயர் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தான். வெளிச்சம்: பத்து. ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தான். ஏழில் வாளி போனது, ஆறில் சுவர் போனது. நாலில் டார்ச்சின் வட்டத்தைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது மூன்று திரையிலும் ஒரே அறை.

அரை மார்க் நாற்காலியில் உட்கார்ந்தார். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அச்சுப் பத்திரிகை நாட்களில் விமர்சனத்தோடு ஐந்து படம் கொடுக்க வேண்டும். தாளில் ஏறும்போது படம் கறுத்துவிடும். பக்கம் வடிவமைப்பவர், என்ன தாரைப் பூசிக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கத்துவார். அதனால் எந்த கேமாக இருந்தாலும் டிஸ்க்கைப் போட்ட கையோடு வெளிச்சத்தைப் பத்துக்கு ஏற்றிவிடுவது அவர் பழக்கம். ஏற்றிவிட்டு அப்படியே விளையாடுவார். கார் பந்தயத்துக்கும் கால்பந்துக்கும் அதனால் பெரிய குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. அச்சு நின்றபின் பழக்கமும் தானாக நின்றுபோனது. இருட்டிலேயே கட்டப்பட்ட ஒரு கேமை அவர்தான் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, வெளிச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

"சார்," என்றான் வயர், மிகவும் மெதுவாக. "நான் எதையும் பாக்கல. உங்க கன்சோலை வெச்சே வீடியோ எடுத்துடறேன். யாருக்கும் தெரியப் போறதில்ல."

நல்ல மனதோடுதான் சொன்னான். அரை மார்க்குக்கும் அது ஒரு நிமிடம் இனித்தது, அதை மறைப்பதில் பயனில்லை. நாலு மணிக்கு விமர்சனம் போகும், எல்லோரும் பாராட்டுவார்கள், ட்யூப்லைட் வரி இன்னொரு சுற்று ஓடும். அப்போதுதான் அவருக்கு அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது.

காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தக்கைப் பலகை உண்டு. புலம்பல் பலகை என்பார்கள். மார்க் குறைந்த கேம் கம்பெனிக்காரர்கள் எழுதுகிற கோபக் கடிதங்களை அதில் குத்தி வைப்பார்கள். குத்துவதற்கு முன் எல்லோரும் கேட்கும்படி மூக்கால் அழுகிற குரலில் படிக்க வேண்டும் என்பது முறை. அதில் அரை மார்க்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. அச்சு ஆபீஸிலிருந்து இங்கே வந்தபோது நாற்காலிகளில் பாதியை விட்டுவிட்டு வந்தார்கள், பலகையை விடவில்லை.

நாலைந்து அடுக்குக் காகிதத்தைப் பிரித்தபின் அது கிடைத்தது. பழுப்பேறிய ஒற்றைத் தாள். கீழே சிவப்பு மையில் அவர் கையெழுத்தில், 'இவர்களுக்குக் கண்ணே தேவையில்லையாம்' என்று இருந்தது. மேலே தட்டச்சில் ஐந்தே வாக்கியம்.

'கீழ்த்தளத்துக்கு ஒளி அமைத்தவள் நான். உங்கள் விமர்சனத்தோடு வந்த ஐந்து படங்களையும் பார்த்தேன், உங்கள் வெளிச்ச அளவு பத்தில் இருக்கிறது. நாலில் வைத்துப் பாருங்கள். சலவை அறைக்கு மட்டும் ஒருமுறை போனால் போதும். மார்க்கை மாற்ற வேண்டாம்.'

இதை எந்தக் குரலில் படித்தோம் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'மாற்ற வேண்டாம்' என்ற இடத்தில் குரலை இழுத்ததும், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்ததும்கூட. வெட்கம் பிடுங்கித் தின்றது. தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனார்.

ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப எல்லா கேமையும் பத்துல வெச்சுத்தான் பாத்தீங்களா?"

"அச்சுல வந்த காலத்துல, ஆமா."

"எத்தனை இருக்கும்?"

"நானூறு இருக்கும் மேடம்."

ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார். கீழே மெத்தைக் கடைக்கு லாரியிலிருந்து மெத்தை இறங்கிக்கொண்டிருந்தது.

"இதை எழுதினா அந்த நானூறையும் தோண்டுவாங்க. உங்க பேரு போகும். தளத்தோட பேரும் சேர்ந்து போகும். ட்யூப்லைட் வரியை எடுத்துடுங்க. 'அந்தக் காலத்து டிவிகளில் இந்த இருட்டு சரியாக வரவில்லை'ன்னு ஒரு வரி சேருங்க. அது பொய்யும் இல்ல."

"டிவி மேல தப்பு இல்லையே மேடம்."

"எனக்குப் புரியுது. ஆனா நாலு மணிக்கு ஏதோ ஒண்ணு போயாகணும். உங்க பேர்ல வர்றது, நீங்களே முடிவு பண்ணுங்க. மூணரைக்குள்ள எனக்குக் காட்டுங்க."

வேறு யாராவது ஆசிரியராக இருந்தால் கத்தியிருப்பார், கத்தியிருந்தால் எதிர்த்துக்கொள்வதும் சுலபமாக இருந்திருக்கும். அரை மார்க் தன் மேசைக்கு வந்து பன்னிரண்டரை மணிக்கு எழுத உட்கார்ந்தார். முதலில் அந்த டிவி வரியைத்தான் எழுதினார். எழுதிப் பார்க்கும்போது அது நன்றாகவே இருந்தது, வழுக்கிக்கொண்டு போகிற வரி. அதை அழித்துவிட்டு, 'இந்த கேமைப் பற்றி நான் முன்பு எழுதியது தவறு, தவறு கேமில் இல்லை, என் கையில் இருந்தது' என்று தொடங்கினார். பழக்கத்தையும் பத்தையும் சொன்னார். பலகையையும் சிவப்பு மையையும் சொன்னார். நானூறையும் சொன்னார். ரீமாஸ்டர் வெளிச்சத்தைத் தொடவே இல்லை, அது அன்றைக்கே அப்படித்தான் இருந்தது என்று எழுதினார். இரண்டு மணிக்கு எழுதி முடித்தபோது அந்தக் கடிதத்தையும் அப்படியே போட்டால்தான் முழுமையாகும் என்று பட்டது. அதற்கு எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

ரீமாஸ்டர் கம்பெனியின் தொடர்பு அதிகாரியிடம் கேட்டதில் நம்பர் கிடைத்தது. அந்த அம்மாள் இப்போது கேம் தொழிலில் இல்லை என்றும் அந்த அதிகாரி சொன்னார். கம்பெனி மூடிய பிறகு இரண்டு இடத்தில் வேலை கேட்டாராம், ட்யூப்லைட் கேம் செய்தவரா என்று கேட்டுச் சிரித்தார்களாம். பிறகு அவர் கேட்கவே இல்லையாம். அரை மார்க் நம்பரை எழுதிக்கொண்டு, பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மாடிப்படிக்குப் போய் நின்று அழைத்தார்.

மறுமுனையில் சுத்தியல் சத்தமும் யாரோ யாரையோ அதட்டுகிற சத்தமும் கேட்டன. அவர் தன்னை இன்னார் என்று சொன்னார்.

"சொல்லுங்க," என்றது ஒரு பெண் குரல். "செருப்புக் கடை ஒண்ணுக்கு லைட் போட்டுட்டு இருக்கேன். ஏணி மேல இருக்கேன், சுருக்கமா சொல்லுங்க."

சுருக்கமாகத்தான் சொன்னார். பத்தில் வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்தது, படித்தேன், படித்துச் சிரித்தேன். இன்றைக்குத்தான் தெரிந்தது. எழுதப் போகிறேன், உங்கள் கடிதத்தையும் போடலாமா. மன்னிப்பு என்ற வார்த்தையை நடுவில் எங்கேயோ சொன்னார், சுத்தியல் சத்தத்தில் அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"போடுங்க," என்றார் அவர். "ரீமாஸ்டருக்கு எத்தனை மார்க்?"

"ஒன்பதரை."

"அந்த அரை எதுல போச்சு?"

அரை மார்க்குக்குத் தன் நோட்டு ஞாபகம் வந்தது. பொய் சொல்ல அன்றைக்கு அவருக்குத் தெம்பில்லை.

"ஆரம்பத்துல ஒரு திரை வருதே, வெளிச்சத்தைக் குறைக்காம தாண்ட விடாம. அதுக்காகக் குறைச்சேன்."

"அது நான் வைக்கச் சொன்னது," என்றார் அவர். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "பழைய குறிப்பெல்லாம் வேணும்னு அவங்க கேட்டு வந்தாங்க. காசு எதுவும் வேணாம், அந்தத் திரையை மட்டும் வைங்கன்னு சொன்னேன். உங்களை மாதிரி யாராவது வருவாங்கன்னு தெரியும்."

"அந்த அரையைச் சேத்துடறேன்," என்றார் அரை மார்க்.

"வேணாம். மார்க்கை மாத்தச் சொல்லி நான் அப்பவும் கேக்கல. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சலவை அறைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"பயந்தீங்களா?"

"பயந்தேன். வெளிய ஓடி வந்துட்டேன். திரும்ப அங்க போகவே இல்ல, வேற வழியா இறங்கினேன்."

"எதைப் பாத்து?"

"கடைசி மெஷினுக்குப் பின்னாடி ஒருத்தர் நின்னாரே. ஆம்பளைன்னு நினைச்சேன். கூட உக்காந்து பாத்த என் மாமியார் பொம்பளைன்னு சொன்னாங்க. ரெண்டு நாளா வீட்டுல அதே சண்டை. யாருங்க அது?"

சுத்தியல் நின்றிருந்தது.

"அங்க யாரும் இல்ல," என்றார். "அந்த ரூம்ல நான் ஒண்ணையும் நிறுத்தல. இருட்டை மட்டும்தான் வெச்சேன்."

பின்னால் யாரோ, மெயினைப் போடட்டுமா மேடம் என்று கேட்டார்கள்.

"உங்க மாமியாரும் பாத்தாங்களா?" என்று அவர் கேட்டார். பார்த்தார்கள் என்றார் அரை மார்க். அந்தப் பக்கம் மூச்சா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு, இங்கே லைட் போடுகிறார்கள், இறங்க வேண்டும் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.